மைசூருக்குப் போன ஒடியல் மா

மைசூரில் இறங்கியதும் என் கண் முதலில் தேடியது பனைமரத்தைத்தான். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வீதி அகலம், இரண்டு பக்கமும் குடை பிடித்தது போலப் பெரிய மரங்கள், சில சிவப்பாய்ப் பூத்துக் கொட்டியிருந்தன. தென்னைகூட நின்றது. பனை ஒன்றும் கண்ணில் படவில்லை. என் பையில் இருந்ததோ ஒடியல் மா. பனையே இல்லாத ஊரில் இதை எப்படி விளங்கப்படுத்தப் போகிறேன் என்று அந்த நேரமே பயம் பிடித்துவிட்டது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம். ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அதை மாவாக்கினால் கூழ் காய்ச்சலாம், பிட்டு அவிக்கலாம். சென்னையில் ஒரு வியாபாரி எங்கள் மாவை எடுத்து, அங்கே குடியிருக்கும் எங்கள் ஊர்ச் சனத்துக்கு விற்கிறார். மா கடலைச் சுகமாய்த் தாண்டிவிடும், துறைமுகத்தில்தான் கிடக்கும். கொழும்பில் பரிசோதித்த கடதாசி கூடவே போனாலும், இந்தியாவில் திரும்பவும் பரிசோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை மூட்டை காத்திருக்கும். போனமுறை முடிவு வந்தபோது மாவுக்குள் வண்டு குடிவந்திருந்தது. இன்னொரு தடவை இப்படியானால் தன்னை விட்டுவிடும்படி வியாபாரி சொல்லிவிட்டார்.

இதற்குள் இரண்டு நாட்டு அதிகாரிகளும் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள். கொழும்பின் கடதாசியை இந்தியா ஏற்கும், இந்தியாவின் கடதாசியை நாங்கள் ஏற்போம், ஒரு பொருளுக்கு ஒரு பரிசோதனை போதும் என்று. ஆனால் அதற்கு முன் ஒரே பொருளை இரண்டு இடத்திலும் பரிசோதித்து, முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம். தேயிலை, கறுவாப்பட்டை எல்லாம் ஒத்துப்போய்விட்டன. எங்கள் மா கொழும்பில் தேறியது, மைசூர்ப் பரிசோதனைக்கூடத்தில் தோற்றது. ‘உண்ணத் தகாதது’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இந்த மாவைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர் வந்து விளக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது.

சங்கத் தலைவி கால் முறிந்து கிடந்தா. மற்றவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் மட்டும், கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு எடுத்து, போகாமல் போன பாஸ்போர்ட் ஒன்று அலுமாரியில் கிடந்தது. “வாய் திறக்காத மனிசியை அனுப்பி என்ன பிரயோசனம்?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் குரல் எழும்பாது.

எனக்குத் துணையாக, அல்லது நான் அவவுக்குத் துணையாக, கொழும்பிலிருந்து நிலந்தி மிஸ் வந்தா. அங்கே பரிசோதனைக்கூடத்தில் பெரிய உத்தியோகம், சிங்களப் பிள்ளை. வவுனியாவில் சில காலம் வேலை பார்த்ததால் கொஞ்சம் தமிழ் தெரியும். என்னை முதல் நாளே அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டா. அவவுக்கு இங்கிலீசு தெரியும், எனக்குத் தமிழ் தெரியும். இரண்டும் சேர்ந்தால் மைசூரில் பிழைத்துவிடலாம் என்று சிரித்தா.

தங்கியது பரிசோதனைக்கூடத்தின் விருந்தினர் விடுதியில். அங்கே சமையல் செய்கிற ராசாத்தி தமிழ்ப் பெண். ஊர் கொள்ளேகாலம் தாண்டி ஹனூர்ப் பக்கம். நாங்கள் கதைப்பதைக் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“சிலோனுங்களா? வாங்கம்மா, உக்காருங்க. என்னங்க இது, தமிழ் பேசறீங்களா பாட்டுப் பாடறீங்களா?”

அவள் தமிழ் எனக்கும் புதுசாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பேச்சிலும் ஓர் ‘ங்க’ போட்டு மரியாதை வைப்பாள், நடுவில் கன்னடம் வந்து விழும். பள்ளிக்கூடம் போனது கன்னடத்தில். தமிழ் பேச மட்டும்தான், எழுத வாசிக்கத் தெரியாது என்றாள். மகளுக்குப் பேசவும் வராதாம். “நான் தமிழ்ல திட்டுனா அவ கன்னடத்துல பதில் சொல்றாங்கம்மா. சண்டை போட்ட திருப்தியே இல்லீங்க.”

காலைச் சாப்பாடு தோசை. தோசைக்குள் சிவப்பாய்ச் சட்னி பூசி, நடுவில் உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய். எங்கள் தோசை வெந்தயம் போட்டு மஞ்சளாய் மெதுவாய் இருக்கும். இது மொறுமொறுவென்று பேப்பர் மாதிரி உடைந்தது. ருசிதான். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தது. மத்தியானம் ரசத்திலும் போட்டிருந்தது. இந்த ஊரில் இனிப்பில்லாமல் ஒன்றும் அடுப்பை விட்டு இறங்காது போல.

ராகிக் களியும் உருண்டையாய் வந்தது. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று ராசாத்தி சொல்லித் தருவதற்குள் நிலந்தி மிஸ் மென்றுவிட்டா. களி பல்லில் ஒட்டி, பிறகு பேச வாய் வரவில்லை. ராசாத்தி ஒரு குவளை மோரோடு பக்கத்தில் நின்று, சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

மறுநாள் பரிசோதனைக்கூடம். ஆஸ்பத்திரி போலச் சுத்தம், ஆனால் மிளகாயும் மல்லியும் மணந்தது. எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஷைலஜா மேடம். தலையில் மல்லிகைச்சரம், காலில் சப்பாத்து, கழுத்தில் அடையாள அட்டை. கன்னடக்காரி. அவ இங்கிலீசில் சொல்ல, நிலந்தி மிஸ் அதைத் தன் தமிழில் எனக்குச் சொன்னா.

நடந்தது இதுதான். எங்கள் பொதியைத் திறந்திருக்கிறார்கள். மா இருந்திருக்கிறது. இந்த ஊரில் மா என்றால் என்ன செய்வார்கள்? கொதிதண்ணீரில் கொட்டிக் களி கிண்டிவிட்டார்கள். சுவை பார்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். மற்றவர் கடமை தவறாதவர். முழு உருண்டையையும் விழுங்கி, பின்னேரம் வரை வாந்தி எடுத்தாராம்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒடியல் மாவைக் கழுவாமல் களி கிண்டித் தின்ற அந்த மனிசனை நினைக்கப் பாவமாக இருந்தது.

“ஊறப்போட்டுக் கழுவேல்லையோ?” என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். நிலந்தி மிஸ் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னா.

ஒடியலுக்குள் ஒரு கசப்பு இருக்கும். அது வயிற்றுக்கு ஆகாது. மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிந்து மேலே நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, பிழிந்து எடுத்துத்தான் சமைக்க வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல நிலந்தி மிஸ் மொழிபெயர்த்தா. ஷைலஜா மேடம் முழுவதும் கேட்டா. பிறகு எங்கள் பொதியை மேசையில் வைத்து, முன்பக்கம் காட்டினா, பின்பக்கம் காட்டினா. பெயர் இருந்தது, சங்கத்தின் விலாசம் இருந்தது, நிறை இருந்தது, தேதி இருந்தது.

“இதில் எங்கே எழுதியிருக்கிறது?” என்றா. கோபமாகக் கேட்கவில்லை.

எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. எங்கள் ஊரில் ஒடியல் மாவைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வழக்கமே கிடையாது. நடக்கப் பழகுவது போல அதுவும் தானாய் வந்துவிடும்.

அடுத்த கேள்விதான் எங்களை விழுத்தியது. அப்படியானால் கொழும்பில் எப்படித் தேறியது?

நிலந்தி மிஸ் அங்கிருந்தே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தா. எங்கள் மாவைப் பரிசோதித்த பிள்ளை கோப்பாய்க்காரி. மிஸ் கேட்டதும் அவள் சத்தமாகவே சொன்னாள், எனக்கே கேட்டது: “ஊறப்போட்டுத்தான் மிஸ் பார்த்தனான். பின்னை, ஊறப்போடாமல் ஆர் சாப்பிடுவினம்?” தமிழ்ப்பிள்ளை, தன் வீட்டுக் குசினியில் செய்வதுபோல ஊறப்போட்டுக் கழுவிவிட்டாள். அறிக்கையில் ‘மா’ என்று மட்டும் எழுதிவிட்டாள். கழுவினதையும் எழுத வேண்டுமா என்று அவளும் நினைத்திருக்கிறாள்.

இரண்டு கூடமும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை. இங்கே பார்த்தது கழுவாத மா, அங்கே கழுவின மா.

ஷைலஜா மேடம் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. பிறகு சொன்னதை நிலந்தி மிஸ் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னா. செய்ததை எழுதாமல் விடுகிற கூடத்தின் கடதாசியை எப்படி நம்புவது, தேயிலைக் கடதாசியைக்கூட இனித் திரும்பப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாவாம். இந்தக் கிழமை முடிவதற்குள் செய்முறையைச் செய்து காட்டினால், இரண்டு இடத்திலும் அதே முறையில் இன்னொரு தரம் பார்க்கலாம் என்றும் சொன்னாவாம். அதற்கு மேல் அவகாசம் தர அவவுக்கு அதிகாரம் இல்லை.

“அம்மா, இப்ப உங்க மா மட்டும் இல்ல. எங்க வேலையும்தான்” என்றா நிலந்தி மிஸ். அன்றைக்கு மத்தியானம் அவ சாப்பிடவில்லை. ராசாத்தி கொண்டுவந்த தயிர்ச்சோறு அப்படியே இருந்தது.

கூழ் காய்ச்சிக் காட்டுவது என்று முடிவாயிற்று. விடுதிக் குசினி சைவம். நண்டு, இறால், மீன் ஒன்றும் படியேறக் கூடாது. நண்டு இல்லாத கூழா என்று முதலில் யோசித்தேன். பிறகு, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலேயே மரக்கறிக் கூழ்தானே என்று தெளிந்தேன். பயத்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி எல்லாம் ராசாத்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பலாக்கொட்டை மட்டும் கடையில் கேட்டு வாங்க அவளுக்கு வெட்கம். “பலாப்பழம் வாங்காம கொட்டை மட்டும் கேட்டா என்ன நினைப்பாங்கம்மா?”

மார்க்கெட்டுக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. நிலந்தி மிஸ் கூட்டத்துக்குப் போய்விட்டா, ராசாத்திக்கு அடுப்படி வேலை. பஸ் இலக்கத்தைச் சொல்லி அனுப்பினாள். தரிப்பிடத்தில் நின்றபோது இலக்கம் மறந்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் எல்லாம் கன்னட எழுத்து. ஜிலேபி பிழிந்ததுபோல அழகாய் இருக்கிறது, எனக்கு உதவாது. நிறையப் பெண்கள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். பெண்கள் போனால் மார்க்கெட்டுக்குத்தானே போவார்கள்.

இந்த மாநிலத்துப் பெண்களுக்கு பஸ் சும்மா. அடையாள அட்டையைக் காட்டினால் சீட்டுத் தருவார்கள். கண்டக்டர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியும். அவள் சொன்னாள்: இலங்கையிலிருந்து வந்த அம்மாவுக்கு எங்கள் பஸ் எதற்கு, ராவணனின் விமானம் பழுதாகிவிட்டதா என்று கேட்கிறாராம். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சீட்டு வாங்கினேன்.

பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மார்க்கெட் மலைமேலா இருக்கும்? இறங்கினால் சாமுண்டி அம்மன் கோயில். அந்தப் பெண்கள் எல்லாம் பூத்தட்டோடு வந்தவர்கள். நான் தட்டைப் பார்க்காமல் சேலையைப் பார்த்திருக்கிறேன். வந்ததுக்கு அம்மனைக் கும்பிட்டேன். கசப்புப் போக வேண்டும் தாயே என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஏரி மின்னியது. பனை அங்கிருந்தும் தெரியவில்லை.

கோயிலுக்கு வெளியே ஒருவர் தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றார். சுளையை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கி, ஒரு வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் தேட வேண்டியது மலைமேல் வாளி நிறைய இருந்தது. நான் வாளியைக் காட்டினேன். அவர் சுளையை நீட்டினார். இல்லை என்று தலையாட்டி, திரும்ப வாளியைக் காட்டினேன். அவருக்கு விளங்கியதும் ஒரு பை நிறைய அள்ளித் தந்தார், காசு வாங்கவில்லை. அவருடைய மாட்டுக்குக் கொண்டுபோகிறதை நான் வாங்கிவிட்டேனோ என்னவோ.

திரும்பி வந்தபோது ராசாத்தி கேட்டடியில் நின்றாள். “எங்கம்மா போனீங்க? போலீசுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சிலோன் கவர்மென்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?” கொட்டைப் பையைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தி, தோல் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் குசினியில் ஷைலஜா மேடம், அவவின் ஆட்கள், நிலந்தி மிஸ் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மாவைத் தண்ணீரில் கொட்டி ஊறப்போட்டேன். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். மா மூடி மேலே நிற்குமட்டும் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். கசப்புப் போகுமட்டும் என்றேன். ஷைலஜா மேடம் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தா.

“கசப்புப் போனது எப்படித் தெரியும்?”

நான் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன். அவவும் தொட்டு வைத்தா, முகம் சுருங்கியது. ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் விட்டேன். இந்த ஊர்த் தண்ணீர் காவேரித் தண்ணீர், இனிப்பு. எங்கள் கிணறு உவர். அதனாலோ என்னவோ, வீட்டில் போகிற நேரத்துக்குக் கசப்பு இங்கே போகவில்லை. நான் சரி என்று நினைத்த இடத்தில் ஷைலஜா மேடம் தொட்டுப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்றா. நானும் பார்த்தேன். இருந்தது. நான் ஊற்றிவிட்ட தண்ணீரில் எல்லாம் அவ கொஞ்சம் கொஞ்சம் சீசாவில் பிடித்துக் கூடத்துக்கு அனுப்பினா. கடைசியில், நான் ஊறவிட்டதை விடக் கூடுதல் நேரம் ஊறவிடும்படியும், தண்ணீரை ஒரு தரம் கூடுதலாக மாற்றும்படியும்தான் எழுதினார்கள்.

“புதிதாய்ச் சமைக்கிற பிள்ளைக்கு உங்கள் நாக்கு இருக்காதே அம்மா” என்று அவ சொன்னதாக நிலந்தி மிஸ் சொன்னா. அது உண்மைதான். என் நாக்கைப் பொதிக்குள் வைத்து விற்க முடியாது.

பிறகு கூழ். கொட்டையும் காயும் அவிந்ததும் புளி விட்டு, அரைத்த மிளகாயைப் போட்டேன். இந்த ஊர் மிளகாய் பார்க்கக் குங்குமம், உறைப்பு இல்லை, இன்னும் போட்டேன். பிழிந்த மாவைக் கரைத்து ஊற்றினேன். முருங்கையிலையை நான் எடுக்கத் திரும்பின நேரம், ராசாத்தி ஒரு துண்டு வெல்லத்தைக் கூழுக்குள் போட்டுவிட்டாள். நிலந்தி மிஸ் கண்டுவிட்டா.

“என்னடி பிள்ளை செய்தனி?” என்றேன்.

“ஐயோ, கை பழக்கங்கம்மா. நினைச்சுப் போடலீங்க.”

பேனையோடு நின்ற ஷைலஜா மேடம் வெல்லத்தையும் எழுதினா. செய்ததை எல்லாம் எழுத வேண்டும் என்று அவ நிலந்தி மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னபோதுதான், இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் பனையோலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிப்போம். இங்கே எவர்சில்வர் டம்ளர்தான். முதல் டம்ளரைக் கையில் எடுத்தவர் யார் தெரியுமா? களி தின்று வாந்தி எடுத்த அதே மனிசன். பெரிய மீசை, அமைதியான ஆள். மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒரு மிடறு குடித்தார், இன்னொரு மிடறு குடித்தார். ஒரு பலாக்கொட்டையை விரலால் எடுத்துத் தின்றார். பிறகு டம்ளரை நீட்டினார்.

அவர் கன்னடத்தில் சொன்னதை ராசாத்தி சொன்னாள்: “இன்னுங் கொஞ்சம் கேக்கறாரும்மா. போன தடவை பாக்கி இருக்குதாம், அதையும் சேர்த்து ஊத்தச் சொல்றாரு.”

அதற்குப் பிறகு பரிசோதனை நடக்க வேண்டியது இரண்டு கூடங்களிலும். மைசூரில் இந்த முறைப்படி கழுவின மாவைப் பார்த்தார்கள். கொழும்பில் கோப்பாய்ப் பிள்ளை, இந்தத் தடவை ஒவ்வொரு தண்ணீரையும் எழுதி எழுதிக் கழுவினாள். நாங்கள் புறப்படுகிற காலையில் ஷைலஜா மேடம் விடுதிக்கே வந்தா. இரண்டும் ஒத்துவிட்டன. பொதியில் செய்முறையை அச்சிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தமிழில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்: “ஊறப்போட்டு, கசப்புத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையுங்கோ.” தண்ணீரின் அளவையும் நேரத்தையும் நிலந்தி மிஸ் கீழே சேர்த்தா. போகும்போது ஷைலஜா மேடம் என் கையில் மைசூர்பாகு டப்பா ஒன்றைத் திணித்தா. நெய் வழிந்து, பையில் இருந்த சேலையெல்லாம் வீடு வரும்வரை மணந்தது.

மிஞ்சின ஒரு பொதி மாவை ராசாத்திக்குக் கொடுத்தேன். அது பழைய பொதி, அதில் கழுவச் சொல்லி எழுதியிருக்காது. அவளுடைய மகள் தெரியாமல் களி கிண்டிவிடுவாள் என்று பயந்து, எழுதி வைக்கச் சொன்னேன். அவள் மேசையில் குனிந்து, நான் சொல்லச் சொல்லப் பொதியின் முதுகில் எழுதினாள். இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள்.

ஊருக்கு வந்து சங்கத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சோற்றுக்கு அரிசியைக் களைய வேண்டும் என்றும் எழுதுவோமா என்று ஒருத்தி கேட்டாள். இருந்தாலும் அச்சடித்தோம். போன மாதம் புதுப் பொதிகள் கப்பலேறின. வியாபாரி பேசினார். இறக்கின கையோடு மூட்டை வெளியே வந்துவிட்டதாம்; வண்டு வருவதற்கு நேரம் இருக்கவில்லையாம். அடுத்ததற்கும் சொல்லிவிட்டார்.

வியாபாரி பேசின அன்று பின்னேரமே ராசாத்தியின் மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அடுப்பில் கூழ், பக்கத்தில் அந்தப் பழைய பொதி, முதுகுப்பக்கம் மேலே தெரிய. கன்னட எழுத்து. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ராசாத்தி எழுதினது, சரியாகத்தான் இருக்கும்.